ஒரு மில்லிமீட்டர் உருண்டையை நம்பியவர்

எழுதாமல் மக்கர் பண்ணும் ரீஃபிலை என்ன செய்வோம்? இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்போம். பின்பக்கம் வாய் வைத்து ஊதுவோம். அப்படியும் வழிக்கு வரவில்லை என்றால் ரப்பர் செருப்பில் முனையை அழுத்தி நாலு சுழி போடுவோம். பள்ளிக்கூடத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்ட இந்த வைத்தியம் மூன்றுமே அறிவியல்படி சரியானவை. ஏன் என்று பார்க்க பேனா முனைக்குள் போக வேண்டும். அங்கே போனால் மார்செல் பிக் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபரைச் சந்திக்காமல் திரும்ப முடியாது.

ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால் பால் பாயின்ட் பேனாவின் முனையைப் பாருங்கள். கூம்பு மாதிரி ஒரு பித்தளைக் குழி, அதில் ஓர் உருண்டை. உருண்டையின் பாதிக்கும் மேல் குழிக்குள் இருக்கும். வெளியே விழுந்துவிடாதபடி குழியின் விளிம்பை உள்பக்கமாக மடக்கியிருப்பார்கள். எழுதும்போது உருண்டை தாளில் உருளும். உள்ளே இருக்கும் பக்கம் மையில் நனையும், அதுவே சுழன்று வெளியே வந்து மையைத் தாளில் தடவிவிட்டு மறுபடி உள்ளே போகும். எழுதாதபோது அதே உருண்டைதான் மூடி. மை வழியாமலும் காயாமலும் காப்பது அதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உருண்டைக்கும் குழிக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே அம்பது, அறுபது மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினால் மை சட்டைப்பையில் கசியும். கொஞ்சம் குறைந்தால் உருண்டை சிக்கிக்கொள்ளும்.

மையும் சாதாரண மை அல்ல. மைப்பேனாவில் ஊற்றுவது தண்ணீர் மாதிரி ஓடும். இது தேன் மாதிரி கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள குழம்பு. சூடானால் இளகும். உள்ளங்கையில் தேய்த்தது அதற்குத்தான். மைக்கும் முனைக்கும் நடுவில் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் உருண்டைக்கு மை எட்டாது, ஊதினால் மை கீழே இறங்கிச் சேரும். முனையில் மை உறைந்து உருண்டை இறுகிப்போனால் வழவழப்பான தாளில் அது சுழலாமல் வழுக்கும். ரப்பர் அதை விடாமல் பிடித்துச் சுழற்றிவிடும்.

உருளும் முனை என்ற யோசனை பழையது. பதனிட்ட தோலில் குறி போடுவதற்காக ஜான் லவுட் என்ற அமெரிக்கர் 1888-லேயே காப்புரிமை வாங்கினார். அந்தப் பேனாவால் தாளில் ஒழுங்காக எழுத முடியவில்லை. ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, பத்திரிகை அச்சிடும் மை சீக்கிரம் காய்வதைப் பார்த்து, வேதியியல் தெரிந்த தன் சகோதரரோடு சேர்ந்து கெட்டியான மையை உருவாக்கினார். 1938-இல் காப்புரிமை பெற்றார், அப்புறம் அர்ஜென்டினாவுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். 1945-இல் மில்டன் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி நியூயார்க்கில் இந்த வகைப் பேனாவைப் பன்னிரண்டரை டாலருக்கு விற்றார். கடையில் கூட்டம் அலைமோதியது. ஆனால் பேனாக்கள் கசிந்தன, பாதியில் நின்றன. கூட்டமும் கலைந்தது.

மார்செல் பிக் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில். 1914-இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்து பிரான்ஸ் நாட்டுக்காரரானவர், பரம்பரையாக வந்த 'பாரன்' (Baron) என்ற பிரபுப் பட்டம் உடையவர். மை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1945-இல் எட்வார் புஃபார் என்ற கூட்டாளியோடு பாரிஸை ஒட்டிய கிளிஷியில் ஒரு பட்டறை தொடங்கி, பேனா பாகங்கள் செய்தார். பால் பாயின்ட்டின் கோளாறு யோசனையில் இல்லை, செய்நேர்த்தியில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். பிரோவிடம் உரிமையை வாங்கினார். கடிகார பாகங்களைக் கடையும் சுவிட்சர்லாந்து இயந்திரங்களைக் கொண்டுவந்தார். 1950 டிசம்பரில் 'பிக் கிரிஸ்டல்' கடைக்கு வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் Bich என்ற தன் பெயரைத் தப்பாக உச்சரித்துவிடக் கூடாது என்று கடைசி எழுத்தை வெட்டி, Bic என்றுதான் பேனாவுக்கு வைத்தார்.

கடிகாரத் துல்லியம் வேண்டும், விலை மட்டும் பென்சில் மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போவது எப்படி? நுட்பமான இயந்திரத்துக்குக் கொட்டும் பணம் பெரிது. அதே இயந்திரம் கோடிக்கணக்கில் ஒரே மாதிரி முனைகளைச் செய்து தள்ளினால், ஒரு முனைக்கு விழும் செலவு ஒன்றுமில்லாமல் போகும். அதனால் மலிவு என்பது அவருக்கு விற்பனைத் தந்திரம் அல்ல, துல்லியத்துக்குக் கட்டுப்படியாகும் ஒரே வழி. மனிதர் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கணக்கால்தான்.

மற்ற பாகங்களிலும் அதே கவனம். ஆறு பட்டை உடல் மேசையில் உருண்டு ஓடாது. கண்ணாடி மாதிரி இருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று தெரியும். உடலின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மை இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து மை நின்றுபோகும். மூடியின் நுனியில் உள்ள ஓட்டை வேறு விஷயம். 1991-இல் சேர்த்தார்கள். குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர ஒரு வழி இருக்கட்டும் என்று.

1961-இல் எஃகு உருண்டைக்குப் பதில் டங்ஸ்டன் கார்பைடு வந்தது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் பொருள், கிலோமீட்டர் கணக்கில் எழுதினாலும் தேயாது. நம் ஊர் ரெனால்ட்ஸ் பேனாவில் '045 ஃபைன் கார்பியூர்' என்று அச்சிட்டிருந்ததே, நினைவிருக்கிறதா? கார்பியூர் என்பது கார்பைடுக்கு பிரெஞ்சு வார்த்தை. உருண்டை எதனால் ஆனது என்று பேனாவே சொல்லிக்கொண்டிருந்தது.

கையெழுத்து கெட்டுவிடும் என்று வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த பிரெஞ்சுப் பள்ளிகள் 1965-இல் பால் பாயின்ட்டை உள்ளே விட்டன. அதற்குள் பிக், அமெரிக்காவின் வாட்டர்மேன் பேனா நிறுவனத்தை வாங்கி அங்கும் கால் ஊன்றியிருந்தார். 1973-இல் லைட்டர், 1975-இல் முழுக்கப் பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஷேவிங் ரேஸர். இரண்டும் அதே கணக்கு, இரண்டும் ஜெயித்தன. தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் எங்கே போகும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1988-இல் மலிவு விலை வாசனைத் திரவியம் கொண்டுவந்தார்கள், அது எடுபடவில்லை. துல்லியமான இயந்திரத்தால் தீர்க்க வேண்டிய கோளாறு எதுவும் வாசனையில் இல்லை.

பிக் 1994-இல் காலமானார். 2006 வாக்கில் விற்ற கிரிஸ்டல் பேனாக்களின் எண்ணிக்கை பத்தாயிரம் கோடியைத் தொட்டது. சாதாரண அளவில் அதன் உருண்டை இன்றும் ஒரு மில்லிமீட்டர்தான்.