பச்சை: கறுப்பு மைக்கு வந்த பெயர்

முழங்கையைச் சுற்றி அழுத்தமான கறுப்பில் பட்டை குத்திக்கொண்டு வந்து நிற்கும் மகனைப் பார்த்து அம்மா கேட்பது, "என்னடா இது, பச்சை குத்திக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்றுதான். கையில் இருப்பது கறுப்பு. ஊசி தொட்டதும் கறுப்பு மைதான். பச்சை நிறம் எங்குமே இல்லை. ஆனாலும் அம்மா சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பட்டை இன்னும் இருபது ஆண்டுகளில் என்ன நிறமாகும் என்பதைச் சேர்த்துச் சொல்லும் சொல் அது. நாட்டுப்புறச் சொல் என்று அதை ஒதுக்கிவிட்டு 'டாட்டூ' என்று மட்டுமே சொல்லிப் பழகுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான். கறுப்பு மையைப் பற்றி நம் முன்னோர் கண்ணால் கண்டறிந்த செய்தி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் டாட்டூவைப் பார்த்துவிடலாம். இது ஆங்கிலத்துக்கும் வந்தேறிய சொல்தான். பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவுகளில், குறிப்பாகத் தாகித்தியிலும் சமோவாவிலும், 'தாதாவ்' என்று வழங்கியது. 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தியில் நின்றபோது, உடன் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அங்கே மக்கள் உடலில் குறி இட்டுக்கொள்ளும் முறையைக் கூர்ந்து பார்த்துக் குறித்துவைத்தார். அந்தப் பயணக் குறிப்புகள் வழியாகச் சொல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பல மொழிகளில் பரவியது. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு இன்னொரு சொல்லும் உண்டு. படைவீரர்கள் குடியை நிறுத்திவிட்டுத் தங்குமிடம் திரும்ப வேண்டும் என்று மாலையில் அடித்த முரசுக்கு அந்தப் பெயர். அது டச்சு மொழியிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவில்லை.

'தா' என்பது அந்தத் தீவு மொழிகளில் அடித்தலைக் குறிக்கும். எலும்பிலோ பன்றித் தந்தத்திலோ செய்த சீப்புப் போன்ற பற்களைக் கைப்பிடியில் கட்டி, மையில் தோய்த்துத் தோலில் வைத்து, ஒரு கோலால் தட்டித் தட்டி இறக்குவார்கள். சமோவாவில் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை அடர் கறுப்பில் இடும் குறிக்குப் பெஆ என்று பெயர். வலி தாங்காமல் பாதியில் எழுந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் தலைக்குனிவு. இன்று உலகெங்கும் ப்ளாக்வொர்க் என்ற பெயரில் விரும்பப்படும் தடித்த கறுப்பு வேலைப்பாட்டுக்கு இந்தத் தீவுகளும் போர்னியோவின் இபான் மக்களும் முன்னோடிகள். ஒலி ஒத்திருக்கிறதே என்று, நம் 'தட்டு' என்ற சொல்லிலிருந்துதான் டாட்டூ பிறந்தது என்று சொல்ல ஆசை வரலாம். அதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பெருமை நமக்குத் தேவையும் இல்லை. நம் சொல்லே போதிய செழிப்போடு இருக்கிறது.

அது தனியாகவும் இல்லை. மலையாளத்தில் 'பச்சகுத்து'. தெலுங்கில் 'பச்சபொட்டு', அதாவது பச்சை நிறப் பொட்டு. கன்னடத்தில் 'ஹச்செ'. பால் அங்கே ஹாலு ஆனதுபோல, பள்ளி ஹள்ளி ஆனதுபோல, பச்செ ஹச்செ ஆகியிருக்கிறது. சிங்களத்திலும் 'பச்ச' என்றே சொல்கிறார்கள். 'பச்சைப் புண்', 'பச்சை உடம்பு' என்னும்போது வரும் ஆறாமை, பக்குவப்படாமை என்ற பொருள் இதில் இருக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. குத்திய இடம் முதலில் பச்சைப் புண்தானே என்பது அவர்கள் வாதம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. புண் ஆறிய பிறகும் அதன் பெயர் பச்சைதான். தெலுங்கின் 'பச்சபொட்டு' நிறத்தைத்தான் சொல்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் மையே பச்சையாக இருந்ததா? இல்லை. சென்னை மாகாணத்து மக்கள் வழக்கங்களை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த எட்கர் தர்ஸ்டன், குறவர் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தியதையும் அவர்கள் மை செய்த விதத்தையும் பதிவு செய்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். வீட்டில் கண்மை செய்து பார்த்தவர்களுக்கு இந்தச் செய்முறை புதிதாக இருக்காது. அகத்தியின் பசுமை எரிந்து போய்விடும். மிஞ்சுவது விளக்குக்கரி மட்டும். சமோவாவில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு கொட்டையை எரித்து எடுத்ததும் கரிதான். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஓட்சி என்ற மனிதனின் உடலில் எண்ணப்பட்ட 61 குறிகளிலும் இருப்பது கரி. இன்றைய கறுப்பு மையின் அடிப்படை நிறமியும் கரியே.

கரி எப்படிப் பச்சையாகிறது என்பதை என் அப்பத்தாவின் கையில்தான் முதலில் பார்த்தேன். வலது முன்கையில் ஒரு கோலம். நடுவில் ஐந்து புள்ளிகள், சுற்றி நான்கு வளைவுகள். பத்து வயதில் திண்ணையில் உட்காரவைத்துக் குத்தியதாம். மூன்று ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, கொட்டாங்கச்சியில் இருந்த மையில் தொட்டுத் தொட்டுக் குத்திய குறத்தியை அவர் எழுபது வயதிலும் நினைவில் வைத்திருந்தார். கூலி ஒரு படி கம்பு. "அப்போது கண்மை போலக் கன்னங்கரேலென்று இருந்தது" என்பார். நான் பார்த்தபோது அது வாடிய முருங்கைக்கீரையின் நிறத்தில் இருந்தது. தோல் தளர்ந்து, வளைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. புள்ளிகள் மட்டும் பருத்துத் தனித்தனியே நின்றன. செத்தால் தாலியைக் கழற்றுவார்கள், தோட்டைக் கழற்றுவார்கள், இதை எவன் கழற்றுவான் என்று கையைத் தடவிக்கொள்வார்.

மை தோலின் மேல் அடுக்கில் தங்குவதில்லை. மேல் அடுக்கு வாரக்கணக்கில் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. அதில் இட்டால் மருதாணிபோலப் போய்விடும். அதற்குக் கீழே, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது கரி. அதை மூடியிருக்கும் தோல் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். வெளிச்சத்தில் உள்ள சிவப்புப் பகுதி ஆழமாக இறங்கிக் கரியில் மறைந்துவிடுகிறது. நீலப் பகுதி மேலேயே சிதறிக் கண்ணுக்குத் திரும்புகிறது. அது நம் தோலின் மஞ்சள் கலந்த பழுப்பைக் கடந்து வரும்போது பச்சை சாய்ந்து தெரிகிறது. கருஞ்சிவப்பு இரத்தம் ஓடும் நரம்பைப் 'பச்சை நரம்பு' என்று சொல்கிறோமே, அங்கும் இதே வேலைதான். புதிதில் கரி நெருக்கமாக இருப்பதால் கறுப்பாகவே தெரியும். நாளாக ஆக நிறம் மாறும். தமிழில் கருமை, நீலம், பச்சை மூன்றுக்கும் இடையே கறாரான வேலி இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். திருமாலைக் கார்வண்ணன் என்றும் பச்சை மலை போன்றவன் என்றும் ஒரே வாயால் பாடியவர்கள் நாம்.

கரி அங்கேயே நிற்பதற்குக் காரணம் உடலின் காவல் செல்கள். வேண்டாத பொருள் என்று அவை கரித்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் இறந்தால் அது விட்ட கரியை அடுத்தது விழுங்கிக்கொள்கிறது. இதை 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். இந்தக் கைமாற்றத்தை நினைத்துப் பார்த்தால், கோடு ஏன் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது என்பது புரியும்.

ஆகவே கறுப்பில் குத்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பச்சையான பிறகு எப்படி இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். தடித்த கோடு தடித்தாலும் கோடாகவே இருக்கும். மயிரிழைக் கோடுகள் இரண்டு அருகருகே இருந்தால் சில ஆண்டுகளில் ஒன்றாகிவிடும். கோட்டைவிட இடைவெளியைத்தான் கவனித்து வரைய வேண்டும். தமிழ் எழுத்தில் இது இன்னும் முக்கியம். என் இடது முன்கையில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு கறுப்புப் பட்டைகளும், அவற்றின் கீழே சிறிய எழுத்தில் ஒரு பெயரும் குத்திக்கொண்டேன். பட்டைகள் ஓரம் மங்கினாலும் பட்டைகளாகவே இருக்கின்றன. பெயரில் இரண்டு 'ண' வருகிறது. அவற்றின் சுழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, இப்போது எழுத்துக்கு மூன்று கரும்பொட்டுகளாகத் தெரிகின்றன. குத்தியவர் எச்சரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ண, ஞ, இ போன்ற சுழி எழுத்துகள் இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்பது இப்போது என் கணக்கு. மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

நம் பழுப்புத் தோலுக்குக் கறுப்புதான் பொருத்தம் என்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. மஞ்சளும் வெளிர்நீலமும் நம் தோலின் நிறத்துக்குள் அமுங்கிப் போகும். ஆனால் பெரிய பரப்பை முழுக் கறுப்பாக நிரப்புவது எளிய வேலை இல்லை. ஒரே அமர்வில் முடியாது. ஆறும்போது திட்டுத்திட்டாக வெளுக்கும், மறுபடி நிரப்ப வேண்டும். மச்சத்தின் மேல் நிரப்பக் கூடாது, ஏனென்றால் பின்னாளில் அது வளர்ந்தாலும் நிறம் மாறினாலும் மருத்துவர் கண்ணில் படாது. அடிபட்ட இடம் புடைத்துத் தழும்பாகும் உடல்வாகு உள்ளவர்கள் மார்பிலும் தோளிலும் குத்திக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஒருவருக்குக் குத்திய ஊசி மஞ்சள் காமாலைக் கிருமிகளையும் எச்.ஐ.வி.யையும் அடுத்தவருக்குக் கொண்டு போகும். திருவிழாக்களில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தும் வழக்கம் பழசு என்பதாலேயே பாதுகாப்பானதாகிவிடாது. பச்சை குத்திக்கொண்டால் நம் நாட்டில் ஓராண்டு இரத்த தானம் செய்ய முடியாது. படையில் சேர நினைப்பவர்கள் எந்த இடத்தில் அனுமதி என்று விதியைப் படித்துவிட்டுக் குத்திக்கொள்ளுங்கள்.

ஆறும் இரண்டு மூன்று வாரங்களில் பக்கைக் கிள்ளாமல் இருப்பதுதான் கடினம். அரிப்பு எடுக்கும். கிள்ளினால் அந்த இடத்துக் கறுப்பும் சேர்ந்து வரும். குளத்திலும் கடலிலும் இறங்கக் கூடாது. அதன் பிறகு அதற்குப் பெரிய எதிரி வெயில். நம் ஊர் வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களின் கை எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனித் தமிழ்ச் சொல். 'உடல் ஓவியம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது மேலே பூசுவதையும் குறிக்கும். தோலுக்குள் செல்வது அதில் இல்லை. இன்னும் சிலர் சங்ககாலத் 'தொய்யில்' என்பதுதான் டாட்டூ என்று பரப்புகிறார்கள். தொய்யில் என்பது பெண்களின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் எழுதியது. எழுதுவது, அழிவது, மறுபடி எழுதுவது என்பதுதான் அதன் அழகே. அழியாத குறிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது இரண்டுக்கும் இழுக்கு. கடற்கரையிலும் பொருட்காட்சியிலும் இடும் 'கறுப்பு மருதாணி'யும் பச்சை ஆகாது. அதில் தலைச்சாயத்தில் உள்ள வேதிப்பொருளைக் கலப்பதுண்டு. கொப்புளம் எழும்பித் தழும்பாகிய குழந்தைகள் உண்டு. மருதாணி இலை கறுப்பாகப் பற்றாது என்பதை நினைவில் வையுங்கள்.

டாட்டூ என்றால் பச்சை. வினையாக வேண்டுமானால் பச்சை குத்துதல், தனக்கென்றால் பச்சை குத்திக்கொள்ளுதல். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது அந்தச் சொல் ஊரெல்லாம் புரிந்தது, இன்றும் புரியும். ப்ளாக்வொர்க்குக்கு நான் கரும்பச்சை என்று எழுதுகிறேன். நிறப்பெயராகவும் அது இருப்பது குழப்பமாயிற்றே என்பார்கள். குத்தியதும் கருமை, போகப் போகப் பச்சை என்று இரண்டு நிலையையும் ஒரே சொல் தாங்குவதால்தான் அதை விரும்புகிறேன். கோடுகளால் ஆனது கோட்டுப் பச்சை, புள்ளிகளால் நிரப்பியது புள்ளிப் பச்சை. புள்ளிக்கோலம் தெரிந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

எழுதும்போது ஒற்றைக் கவனியுங்கள். 'பச்சை குத்தினாள்' என்பதில் ஒற்று மிகாது. 'பச்சைக்குறி', 'பச்சைக் கலைஞர்' என்பவற்றில் மிகும். அழிப்பதைப் 'பச்சையை எடுத்தல்' என்றே சொல்லலாம். லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் மற்ற நிறங்களைவிடக் கறுப்பு எளிதாக எடுபடும். ஆனாலும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும். நம் தோலில் வெள்ளைத் திட்டு விழவும் கூடும். அடைபட்டுப்போன என் 'ண' இரண்டையும் அதனால்தான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.