படகு இன்வெர்ட்டர்: கவனம் வேண்டியது 12 வோல்ட் பக்கத்தில்

சிறு படகில் இன்வெர்ட்டரை நிரந்தரமாகப் பொருத்துபவர்கள் பெரும்பாலும் 230 வோல்ட் வெளிவரும் பக்கத்தைத்தான் அஞ்சுகிறார்கள். அது நியாயமான அச்சமே. ஆயினும் தீ மூளக்கூடிய இடம் பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் கேபிள்.

1000 வாட் சுமைக்கு 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் போதும். அதே சுமையை 12 வோல்ட் பேட்டரி தாங்க வேண்டுமானால், மாற்றத்தின்போது வீணாகும் பத்து விழுக்காட்டையும் சேர்த்து, 90 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். பேட்டரியின் மின்னழுத்தம் சரியச் சரிய, அதே வாட்டைத் தருவதற்காக இன்வெர்ட்டர் இன்னும் அதிகமாக இழுப்பதால், 100 ஆம்பியர் என்றே கணக்கிடுவது நல்லது.

பேட்டரி 2 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர கேபிளின் நீளம் 4 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளானால் வழியிலேயே சுமார் 0.7 வோல்ட் குறைந்து, 70 வாட் வெப்பமாகிவிடும். 35 சதுர மில்லிமீட்டரானால் இழப்பு 20 வாட்டுக்குள் அடங்கும். ஆகவே இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, நீளத்தை 230 வோல்ட் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஆனால் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால், இரண்டையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் அறையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இணைப்புகள்தான் உண்மையான சோதனை. கேபிளின் நுனியில் பொருத்தும் உலோக வளையமான லக்கின் நட்டு சற்றே தளர்ந்து 5 மில்லிஓம் தடை உண்டானாலும், 100 ஆம்பியர் ஓடுகையில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கும். சூடான சால்டரிங் அயர்னைப் பலகைக்குள் ஒளித்து வைப்பதற்கு அது சமம். உப்புக் காற்றும் எஞ்சினின் அதிர்வும் ஓயாத இடத்தில், வெள்ளீயம் பூசிய மெல்லிழைச் செம்புக் கேபிளை லக்கில் அழுத்திப் பிணைப்பதே சரி. ஈயப்பற்று வைத்தால், அது இழைகளுக்குள் ஊறி விறைத்த இடத்தின் ஓரத்தில் கேபிள் நாளடைவில் முறியும்.

ஃபியூஸ் காப்பது கேபிளைத்தான், இன்வெர்ட்டரை அல்ல. ஆதலால் அது பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரவிதி பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்கிறது. லித்தியம் பேட்டரியில் குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியரை எட்டக்கூடும் என்பதால், அதைத் துண்டிக்கவல்ல டி வகை (Class T) ஃபியூஸ் தேவை.

பலர் தவறவிடுவது எர்த். இன்வெர்ட்டருக்குள் 12 வோல்ட் நேர்முனை அதன் உலோகக் கூட்டைத் தொட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் கூட்டின் எர்த் கம்பி வழியாகவே திரும்பும். அக்கம்பி மெலிந்திருந்தால் ஃபியூஸ் போவதற்கு முன் அது எரிந்துபோகும். எனவே அது பேட்டரி கேபிளுக்கு ஏறக்குறைய நிகரான தடிமனில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இயங்கும்போது நியூட்ரலும் எர்த்தும் படகிலேயே இணைந்திருந்தால்தான் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் வேலை செய்யும். கரை மின்சாரத்துக்கு மாறியதும் அந்த இணைப்பு விலகிவிட வேண்டும். இல்லாவிடில் நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும் படகைச் சூழ்ந்த நீர் வழியாகவும் ஓடும். இதைத் தானே செய்யும் மாற்று ரிலே உள்ள இன்வெர்ட்டரையே படகுக்கு வாங்க வேண்டும்.