‘வெளியேற்று எலி’ வேண்டாம், ‘மரபணு முடக்கிய சுண்டெலி’ போதும்

ஒரு கல்லூரி மாணவி தன் கட்டுரையைத் திருத்தக் கொடுத்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘வெளியேற்று எலி’. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். இணையத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்த நாக்அவுட் எலிக்கு அதுதானே தமிழ் என்றார். நானும் இந்தத் தொடரைப் பல இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துபோனவன்தான். இனி முடியாது.

நாக்அவுட் என்பது குத்துச்சண்டைச் சொல். விழுந்தவர் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. ஒரு மரபணுவை மறுபடி எழ முடியாதபடி செயலிழக்கச் செய்வதற்கு உயிரியலாளர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பக்கத்தில் நாக்அவுட் சுற்றை ‘வெளியேற்றுச் சுற்று’ என்பது சரி. தோற்ற அணி வெளியேறுகிறது. ஆய்வகத்தில் யார் வெளியேறினார்கள்? எலி கூண்டிலேயே இருக்கிறது.

‘வெளியேற்று எலி’யைவிட மதிப்பான இன்னொரு சொல்லும் போட்டிக்கு நிற்கிறது: ‘மரபணு நீக்கப்பட்ட எலி’. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்கூட இதை எழுதுகிறார்கள். அதனால்தான் இதோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

முதல் நாக்அவுட் சுண்டெலிகள் 1989-இல் வந்தன. அதற்கு வழிசெய்த மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. கபெக்கியின் முறையில் மரபணுவை வெட்டி எறிவதில்லை. அதன் நடுவில், ஒரு மருந்தைத் தாங்கும் திறன் தரும் வேறொரு மரபணுவைச் செருகுகிறார்கள். ஒரு வாக்கியத்தின் நடுவே சம்பந்தமில்லாத பத்தியை ஒட்டியதுபோல, மரபணு இருக்கும், ஆனால் அதைப் படித்துப் புரதம் செய்ய முடியாது. பழுப்பு மயிர் வகையின் குருத்தணுக்களில் (உடலின் எந்தப் பகுதியாகவும் வளரக்கூடிய அணுக்கள்) இதைச் செய்து, கறுப்பு வகையின் இளங்கருவுக்குள் விடுவார்கள். பிறக்கும் குட்டி கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் வேலை பலித்தது என்று அர்த்தம். அப்புறம் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்துத்தான் தாய்வழி, தந்தைவழி என்று அந்த மரபணுவின் இரண்டு படிகளும் செயலிழந்த சுண்டெலியைப் பெற வேண்டும். பின்னாளில் மரபணுவின் துண்டுகளை வெட்டியெடுக்கும் முறைகளும் வந்தன. ஆக, நீக்கம் என்பது பல வழிகளில் ஒன்று. சொல்லின் பொருள் அதுவல்ல.

பொருள் ‘முடக்குதல்’. முடம், முடங்கு, முடக்கு என்று நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது. 2020 ஊரடங்குக்குப் பிறகு முடக்கம் என்றால் தற்காலிகமாகத் தோன்றுகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். கால் முடங்கிப்போனவரை நாம் தற்காலிகம் என்றா நினைக்கிறோம்? மரபணுவின் செயலைச் சிறிது காலம் குறைத்துவைக்கும் நாக்டவுனுக்குத் ‘தணித்தல்’ இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், யாரும் கைவைக்காமலே தானாக நேர்ந்த பிறழ்வால் அளவுக்கு மீறிப் பருத்த சுண்டெலிகள் பிறந்தன. அது மரபணு முடங்கிய சுண்டெலி. மனிதர் வேலை செய்து உண்டாக்கியது மரபணு முடக்கிய சுண்டெலி. தன்வினை, பிறவினை வேறுபாடு ஒரே எழுத்தில் தெரிகிறது. ‘முடக்கப்பட்ட’ என்று நீட்டவும் தேவையில்லை. கொட்டை நீக்கிய புளி என்றுதானே கடையில் கேட்கிறோம்?

‘மரபணு மாற்றப்பட்ட எலி’ என்று பொதுவாக எழுதித் தப்பிப்பவர்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். பிறழ்வு, முடக்கம், அயல் மரபணுச் சேர்க்கை எல்லாம் அந்த ஒரே சாக்கில் போய்விடுகின்றன. ‘எலி’யும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘மவுஸ்’ என்பது சுண்டெலி, ‘ராட்’ என்பது எலி. 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்களான பால்மிட்டர், பிரின்ஸ்டர் குழுவினர் எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலியின் கருமுட்டைக்குள் செலுத்தி, ஏறக்குறைய இரு மடங்கு பெரிய சுண்டெலியை உண்டாக்கினார்கள். இதை ‘எலியின் மரபணுவை எலிக்குள் செலுத்தினார்கள்’ என்று எழுதினால் ஆய்வே காணாமல் போகிறது. சமையலறையில் ஓடுவது சுண்டெலியா எலியா என்று நம் வீட்டுப் பெண்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தவுடன் அந்த வேறுபாடு எங்கே மறந்துபோகிறது?

மாணவியின் கட்டுரையில் ஒரு வரியை இப்படி மாற்றினேன்: ‘1992-இல் உருவாக்கிய, பி53 மரபணு முடக்கிய சுண்டெலிகள் பார்வைக்கு இயல்பாகவே பிறந்தன. ஆறு மாதத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டிகள் வந்தன.’

படித்துவிட்டு, “அப்படியென்றால் பி53 கட்டி வராமல் தடுக்கிறதா சார்?” என்று கேட்டார்.