காற்றின் எடையுள்ள படலமும் கனத்த பாஸ் ஒலியும்

ஒரு சதுர மீட்டர் பரப்பும் 6 மைக்ரான் தடிமனும் கொண்ட பாலியெஸ்டர் படலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 8 கிராம். அதை ஒட்டி நிற்கும் காற்றில் வெறும் 7 மில்லிமீட்டர் அடுக்கும் ஏறத்தாழ அதே எடைதான். இத்தகைய படலத்தை மின்விசையால் அசைத்து ஒலியெழுப்பும் மின்நிலை (எலக்ட்ரோஸ்டாடிக்) ஸ்பீக்கரின் அழகு முழுவதும் இந்த ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது: காற்றை அசைக்க, காற்றளவே எடையுள்ள ஒன்றைப் பயன்படுத்துகிறோம்.

அந்தப் படலம் துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் நிலையான மின்னழுத்தம் தரப்படுகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை ஒரு மின்மாற்றி பல மடங்கு உயர்த்தி இரு தகடுகளுக்கும் எதிரெதிராக அளிக்கிறது. ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். விசை படலத்தின் பரப்பு முழுவதும் சமமாக விழுவதால், வழக்கமான கூம்பு ஸ்பீக்கரில் நிகழ்வதுபோல நடுப்பகுதி ஒரு விதமாகவும் ஓரம் வேறு விதமாகவும் நெளிவதில்லை. 1957-இல் பிரிட்டனில் பீட்டர் வாக்கர் வெளிக்கொண்டுவந்த குவாட் என்ற மின்நிலை ஸ்பீக்கரில் மனிதக் குரலைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதே அமைப்பு, பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி என்று வந்தவுடன் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்கிறது.

முதலாவது, படலத்துக்குப் பின்னால் பெட்டி கிடையாது. முன்பக்கம் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்பக்கம் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கின்றன. முன்னிருந்து பின்னுக்கு 60 சென்டிமீட்டர் தூரம் என்றால், சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே அழிவு ஆதிக்கம் பெறத் தொடங்கும். அங்கிருந்து அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 40 ஹெர்ட்ஸில் அலைநீளம் எட்டரை மீட்டர். அதன் முன் 60 சென்டிமீட்டர் தடுப்பு ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது, இடம். பின்பக்க அலை அழிக்கும் ஒலியையும் ஈடுகட்டி ஒரே உரப்பை (ஒலியளவை) தொடர்ந்து தர வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் படலம் எட்டு மடங்கு அதிகமாக அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸில் 1.6 மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸில் 12.8 மில்லிமீட்டர். படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பதோ சில மில்லிமீட்டர்தான். இடைவெளியைக் கூட்டினால் விசை குறையும். விசையைக் காக்க மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால் காற்றே மின்பொறியாக வெடிக்கும். இயற்கை போட்ட வேலி இது.

ஆகவே, கிட்டாரின் தாழ்ந்த தந்தியைவிட ஆழத்துக்குச் செல்லும் இசையை முழு உரப்பில் கேட்க விரும்புபவர், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள கூம்பு ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சேர்க்கிறார். பியானோவின் கடைசிச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ், பெரிய குழாய் ஆர்கன் 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சேர்த்த முதல் நாளே பலருக்கு ஏமாற்றம். மேலே தெளிந்த நீர், கீழே சேறு என்று தோன்றுகிறது. உடனே ஒரு விளக்கமும் வந்துவிடும்: படலம் வேகமானது, கனத்த கூம்பு மெதுவானது, அதனால்தான் ஒட்டவில்லை.

இந்த விளக்கம் தவறு என்பதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதை நம்புகிறவர்கள் தவறான இடத்தில் தீர்வைத் தேடுகிறார்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு சுற்றை முடிக்க 12.5 மில்லிவினாடி எடுக்கும். அதை இறகு எழுப்பினாலும் இரும்பு எழுப்பினாலும் அந்தக் காலம் மாறாது. முரசின் மீது குச்சி படும் கூரிய தட்டொலி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்களில் இருக்கிறது. அதைத் தருவது படலம்தான், சப்வூஃபர் அல்ல. கூம்பின் எடை கூடினால் அதை அசைக்க அதிக ஆற்றல் வேண்டும், அவ்வளவே. தன் எல்லைக்குள் அது சிக்னலைப் பின்தொடரத்தான் செய்கிறது.

அப்படியானால் சேறு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அறையிலிருந்து. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அலை சுவர்களுக்கிடையே நிலைகொண்டு, சுரம் நின்ற பிறகும் முழங்கிக்கொண்டிருக்கும். 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் இல்லாதவரை இந்த ஒத்ததிர்வுகளைத் தூண்ட யாரும் இல்லை. இப்போது வந்துவிட்டார்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. எனக்கு இதுவே இந்த விஷயத்தின் மையம். மின்நிலை ஸ்பீக்கர் முன்னும் பின்னும் ஒலிக்கிறது, பக்கவாட்டில் மௌனமாக இருக்கிறது. அதன் ஒலிப்பரவல் எட்டு என்ற எண்ணின் வடிவம். சப்வூஃபரோ எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்புகிறது. நேர் முன்னால் இரண்டும் ஒரே உரப்பில் இருக்கும்போது, எட்டு வடிவ மூலம் அறைக்குள் கொட்டும் மொத்த ஆற்றல் மற்றதில் மூன்றில் ஒரு பங்குதான். டெசிபலில் 4.8. அருகில் மைக் வைத்து அளந்து இரண்டையும் சமமாக்கியவர், இருக்கையில் அமர்ந்ததும் பாஸ் தடித்திருப்பதாக உணர்வது இதனால்தான். எவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் இரண்டையும் இணைக்கிறோமோ, அவ்வளவு தெளிவாக இந்தத் தாவல் காதில் படும். சில நூறு ஹெர்ட்ஸில் இணைத்தால் அது ஆண் குரலின் நெஞ்சுப் பகுதியிலேயே விழுகிறது.

இந்த மாறுபாட்டை அடியிலேயே களைய முயன்றவர்களும் உண்டு. குவாட்டின் ஈஎஸ்எல்-63 மாதிரிக்காக ஃபின்லாந்தின் கிரேடியன்ட் நிறுவனம் எட்டு வடிவப் பரவல் கொண்ட, பெட்டியில்லாத சப்வூஃபரையே செய்தது. அறையோடு பொருந்தும் விதத்தில் அது சிறந்த தீர்வு என்பேன். ஆனால் அதிலும் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், மிகத் தாழ்ந்த பகுதியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு குற்றவாளி சப்வூஃபரின் சிதைவு. 30 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி நம் காதுக்கு எட்டவே சுமார் 60 டெசிபல் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு 27 போதும். எனவே 30 ஹெர்ட்ஸை வாசிக்கும் சப்வூஃபர் 90 ஹெர்ட்ஸில் சிறிதளவு கள்ள ஒலியைச் சேர்த்தாலும் காது அதைப் பிடித்துவிடும், அது வரும் மூலையையும் சுட்டிக்காட்டிவிடும். பெரிய கூம்பை மெல்ல உழைக்க விடுவது, சிறிய கூம்பை வதைப்பதைவிட நல்லது.

இணைக்கும் முறைக்கு வருவோம். ஹியூலட் பேக்கார்டில் பணியாற்றிய லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-இல் விவரித்த கிராஸ்ஓவரில் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் வடிகட்டியில்), இணைப்புப் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபல் தாழ்ந்து, ஒன்றாகக் கூடும்போது சமமாகின்றன. ஆனால் கணக்கில் வர வேண்டியது வடிகட்டியின் சரிவு மட்டுமல்ல, காற்றில் வெளிப்படும் சரிவு. படலம் தானாகவே சரிந்துகொண்டிருப்பதால், அதையும் சேர்த்தே வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படலத்துக்குத் தாழ்ந்த ஒலி போகாமல் தடுப்பதை மட்டும் தவிர்க்கவே கூடாது. அசைவு குறைகிறது, மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் காந்தப்புலத்தால் தெவிட்டாமல் இருக்கிறது, நடுச்சுரங்கள் கூடத் தெளிகின்றன.

இடத்தைத் தேட, சப்வூஃபரை நம் இருக்கையிலேயே வைத்து இசைக்கவிட்டு, அது நிற்கக்கூடிய இடங்களில் குனிந்து கேட்டுப் பார்க்கலாம். மூலத்தையும் காதையும் இடம் மாற்றினாலும் ஒலி மாறாது என்ற விதி இங்கே உதவுகிறது. இரண்டு சப்வூஃபர்களை எதிரெதிர் சுவர்களின் நடுவில் வைத்தால் சில ஒத்ததிர்வுகள் தூண்டப்படாமலே போகும்.

கடைசியாக நேரம். ஒரு மீட்டர் தூர வேறுபாடு ஏறத்தாழ 3 மில்லிவினாடி. சப்வூஃபருக்குள் இருக்கும் டிஜிட்டல் செயலியும் தன் பங்குக்குச் சில மில்லிவினாடிகளைக் கூட்டும். தாமதமாக வருவதை முன்னுக்கு இழுக்க வழியில்லை. முந்தி வரும் படலத்தைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இணைப்பு அதிர்வெண்ணில் ஒரு சீரான தொனியை ஓடவிட்டு, சப்வூஃபரின் துருவத்தை (பிளஸ், மைனஸ் இணைப்பை) தலைகீழாக்கி, இருக்கையில் ஒலி முடிந்தவரை அடங்கும் வரை தாமதத்தை மாற்றுங்கள். அடங்கிய இடத்தில் துருவத்தைப் பழையபடி திருப்பினால் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். பிறகு சப்வூஃபரின் உரப்பை இருக்கையில் அமர்ந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள். அது சரியாக அமைந்ததும், பாஸ் வாத்தியமே இல்லாத தனிக்குரல் பதிவு ஒன்றைப் போட்டு, நடுவில் சப்வூஃபரை அணைத்துப் பாருங்கள். குரல் மாறாது, அவர் பாடிய மண்டபம் சிறியதாகிவிடும்.