பத்துக்கு ஏழு: தோற்கிற ஆட்டத்தின் கணக்கு

மழை விடாமல் பெய்த ஓர் ஐப்பசி இரவில், தக்கலையில் சித்தப்பா வீட்டு மாடியில், நான்கு மடிக்கணினிகளை ஒரே வைஃபையில் இணைத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தோம். கூட்டணி எதுவும் கிடையாது, ஆளுக்கொரு அரசு. ஆட்டத்தின் நடுவில் சித்தப்பா மகனின் பத்து வில்லாளர்கள் என்னுடைய ஏழு வில்லாளர்களை வெட்டவெளியில் எதிர்கொண்டார்கள். மூன்று பேர்தானே அதிகம், நான் அழிந்தாலும் அவனிடம் மூவர்தான் மிஞ்சுவார்கள் என்று மனக்கணக்குப் போட்டேன். என் ஏழு பேரும் விழுந்த பிறகு எண்ணிப் பார்த்தால், அவன் பக்கத்திலும் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “இனி ஒண்ணும் ஆவாது மக்கா, கெளம்பு” என்றான். ஆட்டத்தைக் கைவிட்டு, மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். என் மனக்கணக்கு எங்கே தவறியது என்பதும், நான் எழுந்து போனது ஏன் வெறும் கோபம் மட்டுமல்ல என்பதும் பிறகுதான் புரிந்தன.

இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் கார் தயாரித்தவர். விமானங்களின் போர்ப் பயன்பாட்டைப் பற்றி 1916-இல் எழுதிய நூலில், தொலைவிலிருந்து சுட்டுக்கொள்ளும் இரு படைகளின் தேய்மானத்தைச் சமன்பாடுகளாக்கினார். எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற இடத்தில், பெரிய படைக்கு இரட்டை ஆதாயம் கிடைக்கிறது. அதன் பக்கத்திலிருந்து அதிக அம்புகள் பறக்கின்றன; அதன் மேல் விழும் குறைந்த அம்புகளும் அதிகம் பேரிடையே பகிரப்படுகின்றன. ஆகவே வீரர்களின் திறம் சமமாக இருந்தால், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பத்தின் வர்க்கம் 100, ஏழின் வர்க்கம் 49, மீதி 51. அதன் வர்க்கமூலம் ஏழுக்குச் சற்று மேல். திரையில் நான் எண்ணியதும் அதுதான். கணினி விளையாட்டில் உயிர்ப்புள்ளிகளும் (ஒரு வீரன் விழுமுன் தாங்கும் அடியின் அளவு) வீணாகும் அம்புகளும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும் என்றாலும் போக்கு மாறுவதில்லை. மிஞ்சிய ஏழு பேர் அடுத்த சண்டையில் இன்னும் சிறிய படையைச் சந்திப்பார்கள் என்பதால், சிறிய பின்னடைவு கண்முன்னே பெரிய பள்ளமாகிவிடுகிறது. “இனி ஒன்றும் ஆகாது” என்ற உணர்வுக்கு இப்படி ஓர் உண்மையான அடிப்படை உண்டு.

ஆனால் அந்த வர்க்கக் கணக்கு வெட்டவெளிக்கு மட்டுமே உரியது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு வாசலான ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரு பக்கமும் மலை, நடுவே காற்று கூட நெருக்கியடித்துக்கொண்டு வருகிற இடைவெளி. அப்படிப்பட்ட இடுக்கின் வழியாக அந்தப் பத்துப் பேரும் இரண்டிரண்டு பேராக மட்டுமே வர முடியும் என்றும், என் ஏழு பேரும் மறுமுனையில் அரைவட்டமாக நிற்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சோடியும் என் 49-இலிருந்து இரண்டின் வர்க்கமான நான்கை மட்டுமே கழிக்கும். ஐந்து சோடிகளும் வந்து விழுந்த பிறகு என்னிடம் 29 மிஞ்சும். அதாவது ஐந்து வில்லாளர்களுக்குச் சற்று மேல். அதே பத்து, அதே ஏழு, முடிவு மட்டும் தலைகீழ். இடுக்கும் நிரந்தரக் காவல் அல்ல என்பதை ஆரல்வாய்மொழியே சொல்லும்: 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அங்கிருந்த திருவிதாங்கூர் அரணை நேரே வந்து முட்டாமல், இரவில் பக்கத்து மலையில் ஏறிப் பிடித்தது.

இரண்டு பேர் மோதுவதற்கும் பலர் மோதுவதற்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சுவையானது. கணித நூல்களில் மும்முனைத் துப்பாக்கிச் சண்டை என்றொரு புதிர் உண்டு. ஒருவன் மூன்று முறை சுட்டால் ஒருமுறைதான் குறி தப்பாது. இன்னொருவனுக்கு மூன்றில் இருமுறை. மூன்றாமவன் குறி தவறுவதே இல்லை. பலவீனமானவனில் தொடங்கி, ஒருவன் மட்டும் மிஞ்சும்வரை வரிசையாகச் சுட வேண்டும். அவனுக்கு மிகச் சிறந்த வழி முதல் குண்டை வானத்தை நோக்கிச் சுட்டு வீணாக்குவதுதான். இடைத்தரத்தான் தன்னைக் காத்துக்கொள்ளக் குறிதவறாதவனைத்தான் சுட்டாக வேண்டும். அவன் தப்பினால் திருப்பிச் சுடுவதும் இடைத்தரத்தானையே. கணக்கிட்டுப் பார்த்தால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு பலவீனமானவனுக்கு ஏறத்தாழ 40 சதவீதம், இடைத்தரத்தானுக்கு 38, குறிதவறாதவனுக்கு வெறும் 22. முன்னணியில் இருப்பவனை மற்றவர்கள் குறிவைப்பதால், பலர் ஆடும் ஆட்டத்தில் கடைசியில் நிற்பவனின் உண்மை நிலை அவன் நினைப்பதைவிட நன்றாக இருக்கலாம். ஆத்திரத்தில் இடைத்தரத்தானைச் சுட்டு வீழ்த்தினாலோ, அடுத்த குண்டு குறிதவறாதவனிடமிருந்து நேராக இவனுக்குத்தான் வரும்.

இனி, அந்தப் பலவீனமானவன் சுடாமலேயே களத்தை விட்டு எழுந்து போய்விட்டான் என்று கொள்வோம். இடைத்தரத்தான் முதலில் சுடுவான். அவனுடைய வாய்ப்பு 38-இலிருந்து 67 சதவீதமாகவும், மற்றவனுடையது 22-இலிருந்து 33 சதவீதமாகவும் ஏறுகிறது. போனவன் விட்டுச்சென்ற 40 சதவீதத்தில் ஒருவனுக்கு 29, இன்னொருவனுக்கு 11. அவன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, சலித்துப்போய் எழுந்தான், அவ்வளவுதான். ஆனால் இருவர் வெற்றியின் பங்கீட்டை அவன் தீர்மானித்துவிட்டான். சதுரங்கத்தில் தோல்வி உறுதியானதும் கைகொடுத்து எழுவது மரியாதை, ஏனென்றால் அங்கே பாதிக்கப்பட வேறு யாரும் இல்லை. நால்வர் ஆட்டத்தில் அதே செயல் மற்ற மூவரின் உழைப்பிலும் கைவைக்கிறது. அன்றிரவு நான் போனதும் என் நிலத்திலிருந்த தங்கச் சுரங்கம் பக்கத்து எல்லைக்காரனுக்குச் சும்மா கிடைத்ததாம். ஆட்ட வரைபடத்தின் மறுகோடியில் பிழையில்லாமல் ஆடிய அத்தை மகள் அதனால் தோற்றாள். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நியாயம்தான்.

இவ்வளவு கணக்கு இருந்தும் விரல் ஏன் ‘கைவிடு’ பொத்தானை நோக்கியே போகிறது? நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் நடத்திய சோதனைகள் ஒரு பகுதி விடையைத் தருகின்றன. விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று பழகிய குரங்குக்குச் சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் மூளையின் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பு இயல்பு நிலைக்கும் கீழே இறங்குகிறது. அவை அளப்பது பரிசை அல்ல, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. தொடக்கம் முதலே பின்தங்கியவனைவிட, முன்னிலையில் இருந்து சரிந்தவனுக்கு அதிகம் சுடுவது இதனால்தான் என்று எண்ணுகிறேன். இதனோடு, உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிய இழப்பு வெறுப்பும் சேர்கிறது. அவர்களுடைய 1992 ஆண்டு மதிப்பீட்டில் இழப்பு, அதே அளவு ஆதாயத்தைப்போல் சுமார் இரண்டேகால் மடங்கு கனக்கிறது. பணத்தை வைத்து அளந்த அந்த எண்ணை விளையாட்டாக இங்கே பொருத்தினால், நான் இழந்தது ஏழு வில்லாளர்களை அல்ல, பதினைந்துக்கும் மேல்.

எதிர்பார்ப்புதான் அளவுகோல் என்றால், ஆடுபுலி ஆட்டம் கைவசம் வைத்திருக்கும் தந்திரம் வியப்பூட்டுகிறது. மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடுகளை வைத்து ஆடுபவர், சில ஆடுகள் போகும் என்று தெரிந்தேதான் உட்காருகிறார். முதல் ஆடு வெட்டுப்பட்டதும் யாரும் எழுந்து போவதை நான் பார்த்ததில்லை. இணையத்தில் தரவரிசை பார்த்து ஆடுபவர்களுக்கு இந்த முன்னறிவு இருப்பதில்லை. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பட் எலோ சதுரங்கத்துக்காக வகுத்த தரப்புள்ளி முறையின் வழிவந்த ஏற்பாடுகள், சமபலமுள்ளவர்களையே எதிரெதிரே உட்கார வைக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்தால், இருவர் ஆட்டத்தில் யாராக இருந்தாலும் பாதி ஆட்டம் தோற்க வேண்டும். அப்படி ஆடும் நூறு ஆட்டங்களில், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 81 சதவீதம். ராசி சரியில்லை என்று நினைத்து, அந்த எரிச்சலிலேயே ஆறாவது ஆட்டத்தைத் தொடங்குகிறவர்தான் உண்மையில் மோசமாக ஆடத் தொடங்குகிறார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆட்டத்தின் ரீப்ளேயை ஓடவிட்டுப் பார்த்தேன். கூடவே உட்கார்ந்திருந்த அத்தை மகள் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். என் ஏழு வில்லாளர்கள் விழுந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே, இரண்டு பேர் மட்டும் நுழையக்கூடிய ஓர் இடைவெளி இருந்தது.