பாதி குடித்த போத்தல்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு யாழ் நகரில் ஒரு நிறுவனத்தின் வருடாந்தக் கூட்டத்தை ஒழுங்குசெய்து கொடுத்தேன். இருநூறு பேர். எல்லாரும் புறப்பட்ட பிறகு, மேசை துடைக்க வந்த அக்கா ஒருவர் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மிச்சத் தண்ணீரை வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுதாகக் குடித்த போத்தல் அபூர்வம். நான்கு வாளி நிறைந்தது. "எங்கட கிணறு உவராப் போச்சுது தம்பி, இதைச் சும்மா ஊத்த மனம் வரேல்லை" என்றபடி பின்பக்கத்து வாழைகளுக்குக் கொண்டுபோனார். மேடையில் தொங்கிய பனரில் 'பசுமை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். நிலத்தில் ஊற்றும் அழுக்கோ அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே சீக்கிரம் கீழே இறங்கிவிடும்.

அன்றிலிருந்து சிறிய போத்தலுக்கு விலை கேட்பதை விட்டுவிட்டேன். ஆளுக்கு 500 மில்லிலீற்றர் போத்தல் மூன்று என்றால் 600 போத்தல். அதே 300 லீற்றர் 19 லீற்றர் கானில் வந்தால் 16 கான், வெறுங்கானைக் கடைக்காரரே திருப்பி எடுப்பார். பக்கத்தில் சில்வர் பேணிகள். பேணியில் குடிக்க யாராவது முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள்!

வாடிக்கையாளர்கள் பலர் இங்கே கடதாசிக் கப்பைக் கேட்பார்கள். இலங்கையில் 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடையாகின. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் சேர்ந்துகொண்டன. அதன் பிறகு கடதாசி என்றாலே நல்லது என்ற நினைப்பு வந்துவிட்டது. தேநீர் ஊறாமல் இருக்க அந்தக் கப்பின் உட்புறத்தில் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துப் பாருங்கள், கையோடு வரும்.

சாப்பாட்டுக்கு நான் செய்வது, சில்வர் தட்டின் மேல் வட்டமாக வெட்டிய வாழையிலை. கழுவும் தண்ணீரும் சவர்க்காரமும் மிச்சம், இலை ஆட்டுக்குப் போகிறது. கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சாப்பிட்டு வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

ஆனால் இலையும் பேணியும் கண்ணுக்குத் தெரிகிற சின்ன விஷயங்கள். பெரிய சேதம் சமையல்காரரிடம் தலைக்கணக்குச் சொல்லும்போதே நடந்துவிடுகிறது. நம் கூட்டங்களில் குத்துவிளக்கு ஏற்றும்வரை மண்டபம் நிறைந்திருக்கும். பிரமுகர் எழும்பினால் கூடவே முப்பது பேர் எழும்புவார்கள். (பொன்னாடை பற்றிப் பேசினால் சண்டை வரும், விடுகிறேன்.) அழைப்பிதழ் கணக்குக்குச் சமைத்து, "குறைந்தால் மரியாதை இல்லை" என்று இன்னும் ஐம்பது பேருக்குக் கூட்டினால், பின்னேரம் சோறு கிடாரத்தோடு கிடக்கும். அதனால் பதிவுப் படிவத்திலேயே 'மதியச் சாப்பாட்டுக்கு நிற்பீர்களா?' என்று ஒரு வரி சேர்க்கிறேன். இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் மறுபடி கேட்கிறேன். மிஞ்சினால் யாருக்கு என்பதையும் முதல்நாளே பேசி வைக்கிறேன். சோறு இரண்டு மணிக்கு மண்டபத்தை விட்டுப் போய்விட வேண்டும், மாலைவரை வைத்துவிட்டு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது.

பனரில் திகதி போடாதீர்கள், அடுத்த வருடமும் கட்டலாம். கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதென்றால் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், பத்து வாகனங்களுக்குப் பதில் ரயிலோ ஒரே பஸ்ஸோ போதும்.

மாநாட்டுப் பைக்குப் பதில் பனங்கட்டி வைத்த பனையோலைக் குட்டிப்பெட்டி கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லது, ஆனால் அது கையால் இழைப்பது. இருநூறு பெட்டிக்கு ஒரு மாதமாவது முன்பு சொல்லுங்கள். கார்த்திகை மழைக்குள் சொன்னால் ஓலை சரியாகக் காயாது. ஒருமுறை அவசரப்படுத்தி வாங்கி, திறந்தபோது பாதிப் பெட்டியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பிழை என்னுடையது, இழைத்தவர்களுக்கு முழுக்காசும் கொடுத்தேன்.