பதிப்பு: 'வெர்ஷன்' என்பதற்குரிய தமிழ்ச் சொல்

மென்பொருள் ஆவணங்களில் 'வெர்ஷன்' வருமிடத்தில் பதிப்பு, வெளியீடு, திருத்தம், வடிவம் என்னும் நான்கும் வேறுபாடின்றி எழுதப்படுகின்றன. திருப்புதல் என்னும் பொருளுடைய 'வெர்த்தெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், ஆங்கிலத்தில் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பைச் சுட்டி, பின்னர் ஒரே பொருளின் பல நிலைகளுள் ஒன்றைச் சுட்டலாயிற்று.

தமிழில் 'பதி' என்னும் வினை இரு கிளைகளாகப் பிரிகிறது: தானே பதிவது பதிவு, பிறர் பதிப்பது பதிப்பு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்னும்போது, ஏடுகளை ஒப்பிட்டு, பாடங்களைத் தேர்ந்து, நூலை ஒரு நிலையில் நிறுத்தினார் என்பதே கருத்து. மென்பொருளிலும், மாறிக்கொண்டே இருக்கும் நிரலை ஓர் எண்ணிட்டு ஒரு நிலையில் நிறுத்துவதே 'வெர்ஷன்' என்பதால், பதிப்பே அதற்குப் பொருந்தும். அதைப் பயனரிடம் சேர்க்கும் செயல் வெளியீடு. வெளிவராத சோதனைப் பதிப்புகளும் உண்டு. மாற்றங்களை நாள்வரிசையில் எழுதிவைப்பது மாற்றப் பதிவு. வடிவம் என்பதைக் கோப்பு வடிவத்துக்கே விட்டுவிடலாம்.

ஒரு பதிப்பைப் பற்றிய குறிப்பெழுதும்போது 'இப்போது', 'புதிய' என்னும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். எழுதிய நாளைக் கடந்தால் அவை பொருளிழக்கின்றன. வேற்றுமை உருபிலும் கவனம் தேவை. பைத்தான் என்னும் நிரல்மொழியில், பெயரும் மதிப்புமாகத் தரவுகளை வைக்கும் 'டிக்ட்' அமைப்பு, உறுப்புகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருக்கும் என்ற உறுதி 3.7 முதல் மொழியின் விதியாயிற்று. இதனை 'பதிப்பு 3.7இல் வரிசை காக்கப்படும்' என்று எழுதினால், 3.12 வைத்திருப்பவர் தமக்கு அது பொருந்துமா என்று ஐயுறுவார், 'பதிப்பு 3.7 முதல்' என்றால் ஐயமில்லை. எண்ணைப் பதின்மமாகக் கருதி 3.10ஐ 3.1 என்று சுருக்குவதும் பெரும்பிழை: 2020இல் வந்த 3.9ஐ அடுத்து 2021இல் வந்ததே 3.10.

இன்னும் இயங்கினாலும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டதைச் சுட்டும் 'டெப்ரிகேட்டட்' என்பதை 'வழக்கொழிந்தது' என்று பெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. பைத்தானின் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுதி 3.10இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டு, 3.12இல்தான் நீக்கப்பட்டது, இடைப்பட்ட 3.11இல் எச்சரிக்கையுடன் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே 3.10க்கான குறிப்பில் 'கைவிடப்படவுள்ளது' என்றும், 3.12க்கான குறிப்பில் 'நீக்கப்பட்டது' என்றும் எழுதுவதே சரி.